கன்னுக்குட்டியை வாடியில விடுவோமா?

ரொம்ப நாளாச்சு எழுதி. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. வீட்டுல இருந்தே பொட்டி தட்டுறதால ஆணி எப்போ முடியுது, வீடு எப்போ ஆரம்பிக்குதுன்னே தெரியல. இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உட்கார வச்சது காலைல புதுக்குளம் பக்கத்துல பார்த்த ஒரு காட்சி.

ஒரு தம்பி, இருபது வயசு இருக்கும், புல்லட்ல மெதுவா போறான். இடது கையில சங்கிலி. சங்கிலியோட இன்னொரு முனையில ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி. அஞ்சு மாசம் இருந்தா அதிகம். காது ஒண்ணு இன்னும் சரியா நிக்கக்கூட இல்ல. நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு தார் ரோட்டுல ஓடி வருது. வாக்கிங் வந்த பெருசுங்க எல்லாம் நின்னு ரசிக்கிறாங்க. "என்னா ஓட்டம் ஓடுது பாருய்யா!"

நிறுத்திச் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். வார்த்தை வரல. ஏன்னா ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி அதே ரோட்டுல, அதே மாதிரி சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு வண்டி ஓட்டினவன் நான்தான். அன்னிக்கும் இதே மாதிரி நாலு பேர் நின்னு ரசிச்சாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

அந்தத் தம்பிகிட்ட சொல்ல முடியாததை இங்க சொல்லிடுறேன்.

எங்க வீட்டு நாய் பேரு குண்டு. கருப்பு லாப்ரடார். முதல்ல கருப்பன்னு வைக்கலாம்னுதான் நினைச்சேன். "ஏண்டா, காவக்கார சாமி பேரையா நாய்க்கு வைப்பே?"ன்னு அம்மா ஒரு போடு போட்டதுல அந்தத் திட்டம் அங்கேயே காலி. நாற்பது நாள் குட்டியா திருச்சியில ஒருத்தர்கிட்ட வாங்கினேன். பந்து மாதிரி உருண்டு வந்துச்சு, அப்பா குண்டுன்னு கூப்பிட்டார், அதுவே நின்னுபோச்சு. (எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கவே கூடாதுன்னு 2017லேயே மத்திய அரசு விதி போட்டிருக்குங்கிறது எனக்கு அப்போ தெரியாது. வித்தவருக்குத் தெரியுமான்னு நான் கேட்கவும் இல்ல.)

வந்த நாள்ல இருந்து ராஜ உபசாரம்தான். காலைல தயிர்சாதம், மதியம் கோழிக்கறி சோறு, ராத்திரி கடையில வாங்கின நாய்த்தீனி, நடுவுல அப்பா கொடுக்கிற பிஸ்கட், அப்பாவுக்குத் தெரியாம அம்மா கொடுக்கிற நெய் தோசை. குட்டி கொழுகொழுன்னு இருந்தாத்தான் நம்ம வீட்டுல சோறு இருக்குன்னு ஊருக்குத் தெரியும்ல. இது போதாதுன்னு, "எலும்பு நல்லா வரணும்ல தம்பி"ன்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்ல, கால்சியம் டானிக் வேற.

அஞ்சாவது மாசம் ஆலங்குடியில இருந்து மாமா வந்தார். ஜல்லிக்கட்டு மாடு வளர்க்கிறவர். குண்டைப் பார்த்ததும், "மாப்ள, இது என்னடா இப்படி ஊதிக் கிடக்கு? ஓடவிட்டு உடம்பை இறுக்குடா"ன்னார். நான் இன்ஜினியரிங் படிச்சவன் இல்லையா, உடனே தீர்வு கண்டுபிடிச்சுட்டேன். நான் ஓடினா மூச்சு வாங்கும், அதனால வண்டி. மறுநாளே ஆரம்பிச்சாச்சு. முதல்ல ஒரு கிலோமீட்டர், அப்புறம் ரெண்டு, கடைசியா நாலு.

ஏழாவது மாசம் ஆரம்பிச்சது வினை. ஓடிக்கிட்டே இருக்கும்போது பாதியில உட்கார்ந்துடும். சோம்பேறின்னு திட்டுவேன். ஓடும்போது ரெண்டு பின்னங்காலையும் சேர்த்து வச்சு முயல் மாதிரி தாவும். அழகா இருக்குன்னு வீடியோ எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். நாப்பது பேர் சிரிச்சாங்க. காலைல எழுந்திருக்கும்போது நம்ம வீட்டு வழவழ டைல்ஸ்ல பின்னங்கால் ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் வழுக்கிக்கிட்டுப் போகும். அதுக்கும் சிரிச்சோம்.

ஒரு நாள் பந்தை எறிஞ்சேன். குண்டு பந்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, அப்படியே படுத்துக்கிச்சு. லாப்ரடார் பந்தை எடுக்க மாட்டேன்னு சொன்னா, அது ஏதோ பெரிய விஷயம்னு அன்னிக்குத்தான் உறைச்சது.

பக்கத்துல காட்டினோம். "வளர்ற குட்டி, கால்சியம் பத்தல"ன்னு இன்னொரு பாட்டில் எழுதிக் கொடுத்தாங்க. வேற ஒருத்தர் நாம மூட்டு வலிக்குப் போடுற மாத்திரையில பாதியை உடைச்சுக் கொடுங்கன்னார். நல்லவேளை, அதை நான் செய்யல. மனுஷங்க போடுற இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைங்க நாயோட வயித்தைப் புண்ணாக்கும், கிட்னியையே கெடுக்கும். நாய்க்குன்னு தனியா மருந்து இருக்கு, அதுவும் டாக்டர் சொன்ன அளவுலதான் கொடுக்கணும். இந்த ஒரு வரியை மட்டும் மறக்காதீங்க.

கடைசியா ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டி பிடிச்சோம். மயக்க ஊசி போட்டு, மல்லாக்கப் படுக்க வச்சு, பின்னங்காலை நீட்டிப் பிடிச்சு இடுப்பை எக்ஸ்ரே எடுத்தாங்க. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துல தூக்கிக் காட்டி, "இங்க பாருங்க தம்பி, இந்தப் பந்து இந்தக் கிண்ணத்துக்குள்ள அடக்கமா உட்காரணும். உங்க நாய்க்கு பாதி வெளியில நிக்குது"ன்னாங்க. ஹிப் டிஸ்ப்ளேசியா. நம்ம பாஷையில சொன்னா இடுப்பு மூட்டு சரியா பொருந்தாம வளர்றது.

"வண்டியில ஓட்டினதாலயா மேடம்?"னு கேட்டேன்.

"அடிப்படை பரம்பரையில வந்தது. ஆனா எடை, வழுக்குத் தரை, ஓட்டம் மூணும் சேர்ந்து மோசமாக்கியிருக்கும். எதால எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

என்னைத் திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல. உன் தப்பு இல்லன்னு சொல்லியிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேன். ரெண்டும் இல்லாத இந்தப் பதில்தான் இன்னிக்கு வரைக்கும் குத்திக்கிட்டு இருக்கு.

வீட்டுக்கு வந்ததும் எல்லா பொட்டி தட்டுறவனும் செய்யறதை நானும் செஞ்சேன். ராத்திரி பூரா படிச்சேன். நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

பெரிய ஜாதி நாய்க்குட்டி, அதாவது லாப், கோல்டன், ஷெப்பர்டு, ராட்வைலர், கிரேட் டேன் எல்லாம், பிறக்கும்போது அரைக் கிலோ சொச்சம்தான் இருக்கும். ஒரு வருஷத்துல முப்பது, நாற்பது கிலோ ஆகணும். இந்த அசுர வளர்ச்சி நடக்கிற இடம் நீள எலும்புகளோட ரெண்டு முனையிலயும் இருக்கிற வளர்ச்சித் தட்டு. அது எலும்பு இல்ல, குருத்தெலும்பு. எலும்பை விட மெத்து. பெரிய ஜாதிக்கு அது முழுசா மூடி எலும்பா மாற பொதுவா 12ல இருந்து 18 மாசம் ஆகும், கிரேட் டேன் மாதிரி ராட்சசங்களுக்கு இன்னும் கூட ஆகும். வெளியில பார்க்க ஆள் மாதிரி தெரியும், உள்ள இன்னும் குழந்தைதான்.

வீடு கட்டினவங்களுக்கு இது ஈஸியா புரியும். கூரைக்கு கான்கிரீட் போட்ட மறுநாளே மேல செங்கல் லோடை ஏத்துவோமா? தண்ணி கட்டி, முட்டுக் கொடுத்து, செட் ஆகிற வரைக்கும் காத்திருக்கோம்ல. 28 நாள் கணக்குன்னு கொத்தனார் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். நாய்க்குட்டியோட கணக்கு மட்டும் யாருக்கும் தெரியல.

இடுப்பு விஷயம் இன்னும் கொஞ்சம் நுணுக்கமானது. இந்தக் கோளாறு வரப்போற குட்டிக்கும் பிறக்கும்போது இடுப்பு நல்லாத்தான் இருக்கும். வளர வளர மூட்டைப் பிடிச்சிருக்கிற நார்கள் தளர்ந்தா, பந்து கிண்ணத்துக்குள்ள லொடலொடன்னு ஆடும். ஆட ஆட கிண்ணம் ஆழமா வளராம தட்டையாப் போகும். அப்புறம் தேய்மானம், வீக்கம், வலி. பல ஜீன்கள் சேர்ந்து இதைத் தீர்மானிக்குது. அதனால நல்ல இடுப்பு இருக்கிற அப்பா அம்மாவுக்குக்கூட இப்படி ஒரு குட்டி பிறக்கலாம், ஆனா வாய்ப்பு குறைவு. ஜீன் நம்ம கையில இல்ல. மிச்சம் இருக்கிறது நம்ம கையில இருக்கு.

அதுல முதல் இடம் சோத்துக்குத்தான், ஓட்டத்துக்கு இல்ல. இதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. அமெரிக்கால 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியா பிரிச்சு, ஜோடியில ஒண்ணுக்கு மட்டும் மத்ததை விட 25 சதவீதம் கம்மியா சோறு போட்டு, ஆயுசு முடியிற வரைக்கும் கவனிச்சிருக்காங்க. முடிவு 2002ல வெளிவந்தது. கம்மியா சாப்பிட்ட கூட்டத்தோட இடைநிலை ஆயுள் 13 வருஷம், மத்ததுக்கு 11.2. ஆயுசு மட்டும் இல்ல, ஒல்லியா இருந்ததுங்களுக்கு இடுப்புத் தேய்மானமும் கம்மி, வந்ததும் லேட்டு. அதாவது என் அப்பா பாசமா கொடுத்த பிஸ்கட்... சரி விடுங்க. இதை அப்பாகிட்ட சொன்ன அன்னிக்கு வீட்டுல நடந்தது தனிக்கதை. "நாய்க்குப் பட்டினி போடச் சொல்றானே, இவனைப் படிக்க வச்சேன் பாரு"ன்னு ரெண்டு நாள் என்கூட பேசல.

ரெண்டாவது கால்சியம். நெதர்லாந்துல உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துல கிரேட் டேன் குட்டிகளுக்கு அதிகமா கால்சியம் கொடுத்துப் பார்த்து 1985லேயே எழுதிட்டாங்க, அதுங்களுக்கு எலும்பு வளர்ச்சியே கோணலாப் போச்சுன்னு. சின்னக் குட்டியோட குடலுக்கு வேண்டாததைத் தள்ளிவிடத் தெரியாது, கொடுத்ததுல பெரும் பங்கை உள்ள வாங்கிக்கும். பெரிய ஜாதிக் குட்டிக்குன்னு இருக்கிற தீனி போட்டா அதுலயே அளவா இருக்கு, மேல டானிக் ஊத்துறது வேண்டாத வேலை. அதே சமயம் வெறும் சோறும் கறியும் மட்டும் போட்டு வளர்க்கிறவங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. கறியில கால்சியம் ரொம்பக் கம்மி, அதனாலயும் எலும்பு வளையும். ஆக, பக்கத்து வீட்டுக்காரர் பேச்சுல டானிக் வாங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். என்ன சோறு போடுறோம்னு டாக்டர்கிட்ட சொல்லிக் கேளுங்க.

மூணாவதுதான் ஓட்டம். இங்க நான் ஒரு உண்மையைச் சொல்லணும். வயசு மாசத்துக்கு அஞ்சு நிமிஷம்னு ஒரு கணக்கு உலகம் பூரா சுத்துது. நாலு மாசக் குட்டின்னா இருபது நிமிஷம் நடை. அதை நிரூபிச்ச ஆராய்ச்சி எதையும் நான் பார்க்கல. ஒரு வேலிக்கல் மாதிரி வச்சுக்கலாம், தாண்டினா தலை போயிடாது. ஆனா நார்வேல ஆராய்ச்சி பண்ணி 2012ல வெளியிட்டது ஒண்ணு இருக்கு. லாப்ரடார், நியூஃபவுண்ட்லாந்து மாதிரி நாலு பெரிய ஜாதிக் குட்டிகளைத் தொடர்ந்து கவனிச்சிருக்காங்க. மூணு மாசத்துக்குள்ள தினமும் மாடிப்படி ஏறி இறங்கின குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு அதிகம். மெத்துன்னு மேடு பள்ளமா இருக்கிற நிலத்துல, சங்கிலி இல்லாம தானா விளையாடின குட்டிகளுக்குக் கம்மி.

இதை நாலு தடவை படிச்சேன். ஓடினா கெட்டதுன்னு அவங்க சொல்லல. தானா ஓடுறது நல்லது, கட்டி இழுத்து ஓடவைக்கிறதுலதான் கோளாறு. குட்டி தானா விளையாடும்போது ஓடும், உருளும், மோந்து பார்க்கும், அலுத்தா படுத்துக்கும். எப்போ நிக்கணும்னு அது உடம்பு சொல்லும். சங்கிலியைப் பிடிச்சு வண்டியில போனா அந்த பிரேக்கை நாம புடுங்கிப் போட்டுடுறோம். கீழ தார் ரோடு, ஒரே வேகம், ஒரே அடி, ஆயிரக்கணக்கான தடவை. வலிச்சாலும் நம்ம பின்னாடி வரும். நாய் அப்படித்தான், நம்ம முகத்தைப் பார்த்துக்கிட்டே ஓடும். குண்டு பாதியில உட்கார்ந்தது சோம்பேறித்தனம் இல்ல. அதால முடிஞ்ச ஒரே வழியில அது எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கு. நான் சங்கிலியை இழுத்திருக்கேன்.

"தெரு நாயெல்லாம் ஓடலையா? ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் முயலையே விரட்டிப் பிடிக்கலையா?"ன்னு கேப்பீங்க. எனக்கும் இதே கேள்விதான். தெரு நாய் ஓடுறது அது இஷ்டத்துக்கு. எடையும் கம்மி, விலா எலும்பு எண்ணலாம். சிப்பிப்பாறை வேட்டைக்குன்னே தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்த ஒல்லி உடம்பு. அதையும் விவரம் தெரிஞ்சவங்க பால்குடி மறந்த உடனே வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறதில்ல. முப்பது கிலோ லாப் குட்டிக்கு அதைப் பார்த்து கணக்குப் போடுறது, லாரி பாரத்தை டிவிஎஸ் 50ல ஏத்துற மாதிரி.

அதுக்காக குட்டியை ஒன்றரை வருஷம் கட்டிப்போட்டுடாதீங்க. அது இன்னும் பாவம். மூட்டைப் பிடிச்சு நிறுத்துறது தொடைச் சதை, சதை வளர நடமாட்டம் வேணும். கட்டிப்போட்ட நாய்க்கு சதையும் வராது, புத்தியும் வராது.

இதையெல்லாம் மாமாகிட்ட சொல்லப் பயமாத்தான் இருந்துச்சு. ஓடவிடுன்னு சொன்னதே அவர்தானே. போன பொங்கலுக்கு அவர் கொட்டகையில உட்கார்ந்து ஒவ்வொண்ணா சொன்னேன். பேசாம கேட்டுக்கிட்டே இருந்தார். அப்புறம் பக்கத்துல கட்டியிருந்த கன்னுக்குட்டியைத் தடவிக்கிட்டே, "அது அஞ்சு மாசக் குட்டின்னு எனக்குத் தோணலடா மாப்ள, ஆளு பெருசா இருந்துச்சு. கன்னுக்குட்டியைக் கொண்டுபோய் யாராச்சும் வாடியில விடுவானா?"ன்னார்.

தமிழ்நாட்டுலயே வாடிவாசலுக்குப் பேர் போன மாவட்டம் நம்மளது. தச்சங்குறிச்சியில வருஷத்தைத் துவக்கி வைக்கிற ஊர்க்காரங்க நாம. மாட்டை எப்படி வளர்க்கணும்னு யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம். கன்னை ஓட்டி விளையாடவிட்டு, வளர்ந்ததும் நடைப்பயிற்சி, குளத்துல நீச்சல், மண்ணு குத்தப் பழக்குறதுன்னு படிப்படியாத்தான் கொண்டு வருவோம். இவ்வளவு தெரிஞ்ச ஊர்ல நாய்க்குட்டிக்கு மட்டும் அந்த அறிவு ஏன் வரல? மாடு நம்ம தாத்தா காலத்துல இருந்து வர்றது. லாப்ரடார் நேத்து வீடியோவுல பார்த்து வாங்கினது. நாய் வந்துச்சு, அதை வளர்க்கிற அறிவு கூட வரல. இதுதான் என் கருத்து, இதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

சரி, இப்போ குட்டி வச்சிருக்கிறவங்களுக்கு, என் சொந்தச் செலவுல கத்துக்கிட்டது:

1. வாங்கும்போதே கேளுங்க. அப்பா அம்மா நாயோட இடுப்பு எக்ஸ்ரே இருக்கான்னு. அமெரிக்கால இதுக்குன்னு 1966ல இருந்து ஒரு அமைப்பே இருக்கு, ரெண்டு வயசுக்கு மேல படம் பார்த்து சர்டிபிகேட் கொடுக்குது. நம்ம ஊர்ல கேட்டா ஒரு மாதிரி பார்ப்பாங்க. பார்க்கட்டும். பத்து பேர் கேட்டா பதினோராவது ஆளுக்குப் பதில் இருக்கும்.

2. விலா எலும்பைத் தடவிப் பாருங்க. லேசா விரல் வச்சா எலும்பு தட்டுப்படணும். மேல இருந்து பார்த்தா இடுப்பு ஒடுங்கித் தெரியணும். குண்டு ஏழு மாசத்துல 33 கிலோ இருந்தான், ரெண்டு வயசை நெருங்குற இப்போ 29.

3. டைல்ஸ் மேல எதையாச்சும் விரிங்க. காசு போட்டு ரப்பர் பாய் வாங்க வேண்டாம், பழைய சாக்கு, தேங்காய் நார் மிதியடி போதும். பாதத்து அடியில முடி வளர்ந்தா வெட்டுங்க, அதுவும் வழுக்கும்.

4. மாடிப்படிக்கு ஒரு தடுப்பு. கார்ல இருந்தும் கட்டில்ல இருந்தும் குதிக்க விடாதீங்க, தூக்கி இறக்குங்க. பந்தை வானத்துல எறிஞ்சு குதிச்சுப் பிடிக்கிற வித்தையெல்லாம் ஒன்றரை வயசுக்கு அப்புறம்.

5. நடைக்கு மண் தரை. நாங்க இப்போ போறது ஊருக்கு வெளியில தைலமரக் காடு. அந்த மரத்து மேல எனக்கும் ஆயிரம் கோவம் உண்டு, ஆனா காலடியில சருகு மெத்துன்னு கிடக்கு. வெயில் காலத்துல ஆறரைக்குள்ள முடிச்சிடுங்க. புறங்கையை ரோட்டுல அஞ்சு வினாடி வைக்க முடியலன்னா நாயை நடத்தாதீங்க.

6. நீச்சல். மூட்டுல பாரம் விழாம சதை வளர இதை விட நல்லது இல்ல. படிக்கட்டுக் குளம் வேண்டாம், பாசி வழுக்கும். சரிவா இறங்குற கண்மாய்க் கரை, இடுப்பளவு தண்ணி, நீங்களும் கூட இறங்கணும்.

7. கருத்தடை அவசியம், எப்போன்னு டாக்டரைக் கேளுங்க. கோல்டன் ரெட்ரீவருக்கு ஒரு வயசுக்கு முன்னாடி பண்ணினா மூட்டுக் கோளாறு கூடுதுன்னு கலிஃபோர்னியாவோட டேவிஸ் பல்கலைக்கழகத்துல 2013ல எழுதியிருக்காங்க.

8. முயல் தாவல், எழுந்திருக்கச் சிரமம், படி ஏறத் தயங்குறது, பாதியில உட்கார்றது. இதுல எதைப் பார்த்தாலும் வீடியோ எடுங்க, ஆனா நண்பர்களுக்கு இல்ல, டாக்டருக்கு அனுப்புங்க. நாலஞ்சு மாசத்துலயே கண்டுபிடிச்சா செய்ய முடிஞ்ச சின்ன ஆபரேஷன்கூட இருக்கு. நான் அந்த வயசுல வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன்.

குண்டு நல்லா இருக்கான். காலைல இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம், வாரத்துல ரெண்டு நாள் கண்மாய். மழைக்காலத்துல எழுந்திருக்க ஒரு நிமிஷம் ஆகும், நாங்களும் பக்கத்துல உட்கார்ந்து காத்திருப்போம். அப்பா இப்போ பிஸ்கட் கொடுக்கிறதில்ல, அதுக்குப் பதிலா வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுக்கிறார். "இவனுக்கு இது பிடிச்சிருக்குடா"ன்னு என்கிட்டயே சொல்றார், ஏதோ அவரே கண்டுபிடிச்ச மாதிரி :-)

வாழ்நாள் பூரா இந்த இடுப்போடதான் அவன் இருக்கணும். பந்தை எறிஞ்சா இப்போ எடுத்துட்டு வர்றான், மூணு தடவை. நாலாவது தடவை படுத்துக்குவான். இப்பல்லாம் நான் திட்டுறதில்ல. போதும்னு அவன் சொன்னா போதும்தான்.

நாளைக்குக் காலைல புதுக்குளம் போறேன். அந்தப் புல்லட் தம்பி வருவான். குண்டையும் கூட்டிட்டுப் போகப்போறேன். என் பேச்சைக் கேக்கலன்னாலும் இவன் நடக்குறதைப் பார்த்தாவது வண்டியை நிறுத்துவான்னு ஒரு நம்பிக்கை.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்ல. மேல இருக்கிறதுல எதையும் மருந்துச் சீட்டா எடுத்துக்காதீங்க. குட்டியைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க. வண்டியில முன்னாடி உட்கார வச்சுக்கிட்டு, பின்னாடி ஓட விட்டு இல்ல.